உடைந்த அணையின் ஊருக்கு

"இந்த வருசமும் அம்பாங் பெச்சாதானாப்பா?" பள்ளி விடுமுறை நெருங்கினாலே என் மகள் இப்படித்தான் கேட்பாள். லங்காவி, பாலி என்று அவள் பார்க்காத ஊர்கள் நிறைய இருக்கின்றன. எனக்கோ ஐம்பது வருடமாகப் போய்வரும் அந்த ஆற்றங்கரையையே இன்னும் பார்த்து முடியவில்லை.

நான் பிறந்தது ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பெரட்டுக்கு விடிகாலையில் எழுந்து பால்மரம் சீவப் போகும் லயத்து மக்களுக்கு, ஊர் சுற்றல் என்றால் பெரும்பாலும் தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதுதான். சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு உண்டு என்று எழுதி வைத்த சட்டமெல்லாம் பிற்காலத்தில்தான் வந்தது. துரைமார்களுக்கோ 1922இலேயே பிரேசர் மலை ஓய்விடமாகத் திறந்தாகிவிட்டது. கோலகுபு வழியாக அவர்களுடைய கார்கள் மலையேறும். எங்கள் தோட்டத்து லாரி மலையடிவாரத்து அம்பாங் பெச்சாவோடு நின்றுவிடும்.

அந்த லாரிக்காக அம்மா மூன்று மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறுவார். நெத்திலி சம்பல், அவித்த முட்டை, ஒரு பெரிய கெத்தலில் கோப்பி. ஆற்றில் இறங்கியதும் அப்பா செய்யும் முதல் வேலை, கரையோரம் கல்லை வட்டமாக அடுக்கி அதற்குள் தர்ப்பூசணியை மிதக்க விடுவது. மதியம் வெட்டும்போது பழம் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஒருமுறை கல் சரிந்து பழம் ஆற்றோடு போய்விட்டது. நாங்கள் அழுதோம். "போகட்டும்யா, ஆத்துக்கும் பசிக்கும்ல" என்றார் அப்பா.

ஆற்றின் பசியை அறிந்த ஊர் அம்பாங் பெச்சா. மலாயில் 'பெச்சா' என்றால் உடைந்தது. உடைந்த அணை என்பதுதான் ஊரின் பெயர். ஈயச் சுரங்கத்துக்காகக் கட்டிய பழைய அணை 1883 அக்டோபரில் உடைந்து, பழைய கோலகுபுவை அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அணை நீரில் காவலிருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்று இன்றும் சொல்கிறார்கள். முதலையை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் என் பிள்ளைகளை ஒருநாளும் தண்ணீரில் இறக்கியதில்லை.

மறுபடி எழுந்த ஊரை ஈயக் கழிவு விடவில்லை. சுரங்க மண் ஆற்றில் படிந்து படுகை மேடானது. வெள்ளம் திரும்பத் திரும்ப ஊருக்குள் வந்தது. கடைசியில் 1920களில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் வரைந்த திட்டப்படி ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். அதுதான் கோலகுபு பாரு. 'பாரு' என்றால் புதியது. பழைய ஊர் இருந்த பக்கம் உடைந்த அணையின் பெயரோடு நின்றுவிட்டது.

2000களின் தொடக்கத்தில் இன்னும் மேலே சிலாங்கூர் ஆற்றில் புதிய அணை எழுந்தது. கெராச்சி, பெர்த்தாக் கிராமங்களின் தெமுவான் பூர்வகுடியினர் அதற்காக இடம்பெயர்ந்தார்கள். கோலாலம்பூர் பக்கத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அந்தக் குடும்பங்களை நினைக்காமல் என்னால் அணையைக் கடக்க முடிவதில்லை. எங்கள் தோட்டமும் கைமாறி, லயங்கள் இடிபட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பூச்சோங், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிய அண்ணன் தம்பிகளுக்குப் பிறந்த வீடு என்று காட்ட ஒரு செங்கல் இல்லை. இந்த ஆறுதான் இருக்கிறது. புது ஊர் பார்ப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. மகளை பாலிக்கும் அனுப்பி வைப்பேன். ஆனால் வருடத்தில் ஒருநாள் இங்கே வந்தாக வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

பிரேசர் மலைக்குப் போகும் நீங்களும் கோலகுபு பாருவைத் தாண்டுமுன் அம்பாங் பெச்சாவில் வண்டியை நிறுத்துங்கள். அங்கே ஓர் ஊர் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.