போத்தலில் வாங்க முடியாத எரிபொருள்

மன்னாரில் ஒரு கராஜ் வாசலில் நின்று மின்சார ஸ்கூட்டரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கதை எப்படியும் 1990களில் போய்த்தான் நிற்கும். எனக்கும் அதுதான் நடந்தது. நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: பெற்றோல் மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டு பற்றரியில ஓடுறது ஒன்று வாங்கலாமா? கராஜ்காரர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தம்பி, எண்ணெய் முடிஞ்சா ஒரு போத்தலைக் கொண்டு நடந்துபோய் வாங்கியரலாம். கரண்ட்டைப் போத்தலில வாங்கேலுமே?"

பழசைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிற பெரியாக்களின் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் போத்தலுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதோடு தலைமன்னார் ரயில் நின்றது. அது திரும்பி வர 2015 ஆனது. தீவு இராணுவத்தின் கையில், பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகளின் கையில் என்று மாவட்டமே இரண்டாய்ப் பிரிந்து கிடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று நீண்ட அந்தத் தடைப் பட்டியலில் ரோச் பற்றரியும் இருந்தது. ஆம், பற்றரி! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோவில் செய்தி கேட்ட சனம் இது. மின்சாரத்தால் என்ன செய்யலாம் என்று எங்கட ஊரவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அது எப்படி என்று இன்றைய பெடியள் பலருக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது, ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்டார்ட் ஆகாது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை ஊரையே மூடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் இந்தக் கொடுமையைத் தாங்கின. ஒஸ்டின், மொறிஸ் கார்கள் வடக்கில் அவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. (இன்றைக்குக் கலியாண வீடுகளில் அவற்றை அலங்கரித்து நிறுத்திப் படம் எடுக்கிறோம். அந்தப் புகை படத்தில் வராது.)

2002 ஜனவரியில் தடை விலகியது. ஆனால் கடலில் மண்ணெண்ணெய் விலகவில்லை. மன்னார்க் கரையில் வெளியிணைப்பு மோட்டார் பூட்டிய பிளாஸ்டிக் படகுகள் இன்றும் அதில்தான் தொழிலுக்குப் போகின்றன. அதனால்தான் 2022இன் அடி இங்கே வேறு மாதிரி விழுந்தது. அந்த ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. இதெல்லாம் நாடு முழுவதற்கும் பொது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது அடிபட்டது கடற்றொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும்தான்.

ஆகவே பெற்றோலை விட்டு விலக வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஊரில் காரணத்துக்குக் குறைவில்லை. பெற்றோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் கால்பங்கு அளவைத்தான் ஓட்டமாக மாற்றுகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. மின்மோட்டார் பெரும்பகுதியைச் சில்லுக்கே கொடுக்கும். டொலர் இல்லாத நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. ஓட்டோ ஓடும் என் கூட்டாளி ஒருவன் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே எங்களைக் கொல்லுகிறான்.

மறுபக்கத்தார் 2022 மார்ச் கடைசியை எடுத்துப் போடுவார்கள். அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. பெற்றோல் இல்லை என்று பற்றரிக்குப் போனவன் அன்று என்ன செய்திருப்பான்? கூரையில் சோலார் இருந்தால் தப்பலாம் என்று சொல்லவும் முடியாது. எங்கட வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பிரதான வலையமைப்போடு இணைந்தது. லைன் செத்தால் அதன் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். 2015 அளவில் வரி குறைவாக இருந்தபோது இறக்குமதியான நிசான் லீப் கார்களையும் நினைவூட்டுவார்கள். அவற்றின் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை, வெக்கையில் கொள்ளளவு வேகமாகக் குறைந்தது. மன்னார் வெயிலைச் சொல்லவே வேண்டாம். 2020இல் வாகன இறக்குமதியே நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இப்போது வருகிற புதிய சீனக் கார்களின் பற்றரிகள் எவ்வளவோ மேல். ஆனால் ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள் மறப்பார்களா?

இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். எனக்கு உறுத்துவது வேறொன்று.

2020 டிசெம்பரில் தம்பபவனி திறக்கப்பட்டது. தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைகள், 103.5 மெகாவோட். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபை கட்டியது. எங்கட மண்ணெண்ணெயும் பெற்றோலும் எப்போதும் வேறெங்கிருந்தோ வந்தவை. எங்கட கரையிலேயே பிறக்கும் எரிபொருள் இதுதான், யாரும் சோதனைச் சாவடியில் மறிக்க முடியாதது. சந்தோசப்பட்டிருக்க வேண்டும்தானே? ஆனால் மழைநீர் வடிந்தோடுவது தடைப்பட்டு வெள்ளம் நிற்கிறது என்றும், கரையில் மீன்பாடு குறைந்தது என்றும் தீவுச் சனம் சொல்லத் தொடங்கியது. பறவை ஆர்வலர்கள் வலசைப் பாதையைக் காட்டினார்கள். வங்காலைச் சரணாலயம் ராம்சார் ஈரநிலம், பூநாரைகள் வந்திறங்கும் இடம். அதானியின் மன்னார், பூநகரித் திட்டம் 484 மெகாவோட். விலை பற்றிய இழுபறிக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கான பாகங்கள் வர, சனம் வீதியில் இறங்கியது. வேலையை ஒரு மாதம் நிறுத்தினார்கள், பிறகு தொடரலாம் என்றார்கள். செப்டெம்பர் கடைசியில் மன்னாரில் கடையடைப்பு.

இந்தப் போராட்டத்தைப் பார்த்துத் தெற்கில் சிலர் "சுத்தமான சக்திக்கு எதிரான சனம்" என்று எழுதினார்கள். டைனமோவில் றேடியோ கேட்ட சனத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். கோபம் காற்றின் மேல் இல்லை. எந்த எரிபொருள் உள்ளே வரலாம் என்று முன்பு வேறு யாரோ தீர்மானித்தார்கள். எது வெளியே போகலாம் என்று இப்போதும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

கொழும்பில் மின்சாரக் கார் வாங்குபவர் தன் கார் சுத்தமானது என்று நினைப்பதில் பிழையில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவோட் நிலக்கரியை விட எங்கட காற்று நல்லதுதான். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகலில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சியபோது, கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. அந்தப் பகல்களில் ஊருக்குள் ஓட்டோக்களும் ஸ்கூட்டர்களும் சார்ஜில் நின்றிருந்தால் அவ்வளவும் வீணாகியிருக்காது. அப்படி ஒரு திட்டம் மன்னாருக்கு வந்தால் முதல் வரிசையில் நானே நிற்பேன்.

இதையெல்லாம் திரும்பவும் போய்க் கராஜ்காரரிடம் சொன்னேன். அவர் காபரேற்றரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்தக் காத்தாடியில வாற கரண்ட் எங்க போகுது?"

நடுக்குடா உபமின்நிலையத்துக்கு, அங்கிருந்து மன்னார், வவுனியா, அநுராதபுரம் என்று தேசிய வலையமைப்புக்கு.

"பிறகு?"

"பிறகு அங்கயிருந்துதான் அண்ணை, எங்களுக்கும் வருது."

அவர் சிரித்துவிட்டு, கழுவின மண்ணெண்ணெயைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றி மூடியை இறுக்கினார்.