கும்பகோணமும் பத்து சதவீதமும்

இந்தப் பொங்கலுக்கு கும்பகோணம் போயிருந்தேன். பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, அங்கே பக்கத்துல ஒரு கல்லூரியில் விரிவுரையாளரா இருக்காங்க. நான் போனப்போ டிகிரி காபி ஆறிக்கிட்டு இருக்க, லேப்டாப்பையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"என்னக்கா, யார் மேல கோவம்?"

"கோவம் எல்லாம் இல்லடா. அடுத்த வாரம் கல்வி நேர்மை பத்தி ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கணும். பசங்களோட வாத்தியார்களும் வந்து உக்காருவாங்க. போன செமஸ்டர்ல தொண்டை வத்தப் பேசிட்டு, சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் வந்துச்சு. 'மேடம், பத்து சதவீதத்துக்குக் கீழே எப்படிக் கொண்டு வர்றது?'"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அக்கா சிரிக்கல. "நீ சிரிக்காத. உன் ப்ராஜெக்ட் கதை எனக்குத் தெரியும்."

கப்சிப். (அந்தக் கதை கடைசியில் வரும். தப்பிக்க மாட்டேன்.)

அது என்ன பத்து சதவீதம்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கல்வி நேர்மைக்கும் எழுத்துத் திருட்டுத் தடுப்புக்கும் ஒரு ஒழுங்குமுறை கொண்டு வந்தது. ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு, ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்ப்பாங்க. 10 சதவீதம் வரைக்கும் தண்டனை கிடையாது. 10க்கு மேல் 40 வரை போனா ஆறு மாசத்துக்குள் திருத்திக் கொடுக்கணும். 40க்கு மேல் 60 வரைன்னா ஒரு வருஷத்துக்கு திருத்தின பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60 தாண்டினா பதிவே ரத்து. தப்பு பண்றது ஆசிரியர்னா ஆண்டு ஊதிய உயர்வில் கை வைப்பாங்க. இதெல்லாம் தண்டனைப் பகுதி. அதுக்கு முன்னாடியே இன்னொரு பகுதி இருக்கு: மாணவர், ஆய்வாளர், ஆசிரியர் எல்லாருக்கும் ஒவ்வொரு செமஸ்டரும் விழிப்புணர்வு வகுப்பு நடத்தணும். 2019 கடைசியில், முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்றவங்க எல்லாரும் ஆராய்ச்சி நெறி பத்தி ஒரு பாடம் படிச்சே ஆகணும்னும் சொல்லிட்டாங்க.

நல்ல விஷயம்தான். குறை சொல்லல. ஆனா ஒரு மணி நேர வகுப்பு முடிஞ்சப்புறம் பசங்க மனசுல தங்கறது அந்த நம்பர் மட்டும்தான். நேர்மைன்னா 9.8, திருட்டுன்னா 10.2 :-)

"அக்கா, உங்க ஊர்லயே இதுக்கு ரெண்டு பேர் இருக்காங்களே. அவங்க கதையைச் சொல்லேன்"னு கேட்டேன். அப்ப ஆரம்பிச்ச பேச்சுதான் இந்தப் பதிவு.

முதல் ஆள் உ.வே.சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் (1854இல் தொடங்கி, இன்னிக்கும் காவிரிக்கரையில் இருக்கிற அரசு கலைக் கல்லூரிதான்) தமிழாசிரியரா சேர்ந்தார். வயசு 25. தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றப்போ அவர் இடத்துக்கு வந்தவர். அதே வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி, ஊருக்கு முன்சீபா வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேக்க, இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ்னு பெரிய பட்டியல் போடறார். முதலியார் அசரவே இல்லை. சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேக்கறார். இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட வருஷக்கணக்கா படிச்ச மாணவர், கல்லூரி வாத்தியார், 'படிச்சதில்லை'ன்னு ஒத்துக்கறார்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நம்மில் எத்தனை பேர் இன்டர்வியூல 'தெரியாது'ன்னு சொல்லியிருக்கோம்? நான் 'பேசிக்ஸ் தெரியும் சார்' கட்சி.

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக்கிட்டு வந்து படிச்சா தலையும் புரியல, காலும் புரியல. அது சமண காவியம். இவர் சைவ மடத்தில் தமிழ் படிச்சவர். என்ன பண்ணார்? கும்பகோணத்திலேயே இருந்த சமணக் குடும்பங்களைத் தேடிப்போய், அவங்க வீட்டில் உக்காந்து பாடம் கேட்டார். கல்லூரிப் பண்டிதர்ங்கற கெத்தெல்லாம் வாசல்லயே செருப்போட கழட்டி வச்சிட்டார்.

அடுத்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதின உரை இருக்கு. அதில் மேற்கோள்கள் ஏராளம். ஆனா எந்த நூல்லேருந்து எடுத்ததுன்னு பல இடத்தில் பேரே இருக்காது. 'என்றார் பிறரும்'னு சொல்லிட்டுப் போயிடுவார். அந்தக் காலத்தில் படிக்கிறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும், அதனால தப்பில்லை. சில நூற்றாண்டு கழிச்சு வந்தவங்களுக்கு யார் அந்தப் 'பிறர்'னே தெரியல. சாமிநாதையர் ஒவ்வொரு மேற்கோளையும் பிடிச்சுக்கிட்டு அதோட மூலத்தைத் தேடினார். திருவாவடுதுறை மடத்து ஏட்டுச்சுவடிகளைப் புரட்டினார். இந்தத் தேடல்தான் அவரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் கொண்டு போச்சு. அடிக்குறிப்பு தேடப் போனவர் சங்க இலக்கியத்தோட வந்தார்னு சொல்லலாம். மேற்கோளுக்கு மூலம் சொல்றது மார்க்குக்காகப் பண்ற சடங்கு இல்லைங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

சிந்தாமணி 1887இல் அச்சானது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. எல்லாமே கும்பகோணத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டே. சுவடிக்குச் சுவடி பாடம் வேற மாதிரி இருந்தா அதையும் குறிச்சு வச்சார். (நம்ம பொட்டி தட்டற பாஷையில் டிஃப். அவருக்கு விளக்கும் பென்சிலும்தான் கருவி.) சுவடி கொடுத்தவங்க யார், எந்த ஊர், யார் உதவினாங்கன்னு முகவுரையில் பேர் பேரா நன்றி சொன்னார்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. புறநானூற்றைக் கையில் எடுத்துப் பாருங்க. 400 பாட்டுன்னு பேர். 267, 268 ரெண்டும் கிடையாது. இன்னும் பல பாட்டுல நடுநடுவே வெறும் புள்ளிகள். செல்லரிச்ச ஏட்டில் எழுத்து போயிருந்த இடங்கள் அதெல்லாம். நினைச்ச நேரத்தில் செய்யுள் இயற்றக் கத்துக்கிட்டவர் அவர். நாலு சீரை நிரப்பியிருந்தா அன்னிக்கு யார் கண்டுபிடிச்சிருப்பாங்க? நிரப்பல. இல்லாததை இல்லைன்னு அச்சில் காட்டினார். அந்தப் புள்ளிகளை நம்பறதாலதான் மிச்ச எழுத்துகளையும் நம்பறோம்.

சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாத்தலாகிப் போனார். அடுத்த வருஷம், 1904இல், அதே கும்பகோணம் கல்லூரிக்குள்ள ஒரு பையன் நுழையறான். சாரங்கபாணி சன்னதித் தெரு, டவுன் ஹைஸ்கூல் மாணவன். சிந்தாமணி அச்சான அதே 1887இல் பிறந்தவன். ஆமா, ராமானுஜன். ஒரு வருஷத்தில் ரெண்டு பேரும் தவறிட்டாங்க.

கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காம உதவித்தொகையைக் கோட்டை விட்ட கதை உங்களுக்குத் தெரியும். கார் எழுதின கணிதத் தொகுப்பு நூல்தான் அவருக்குக் குரு. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வரிதான். அதைப் படிச்சிட்டு, புதுசா என்ன வந்திருக்குன்னு சொல்ல ஆளில்லாத ஊர்ல உக்காந்து, நோட்டு நோட்டா எழுதித் தள்ளினார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு அனுப்பின கடிதத்தில் நூத்துக்கும் மேல முடிவுகள் இருந்துச்சு. சிலது உலகம் பார்க்காதது. சிலது ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சு. சிலது தப்பு. ஹார்டிக்கே முதல்ல இது ஏமாத்து வேலையோன்னு சந்தேகம் வந்துச்சு. அந்த நோட்டை இன்னிக்கு ஒப்பிட்டுப் பாத்தா, முன்னாடியே வந்த முடிவுகள் எத்தனையோ தேறும். ஆனா அதுக்காக அதெல்லாம் பாத்து எழுதினதுன்னு ஆயிடாது.

அந்த முடிவுகளில் ரெண்டு சமன்பாடுகள் இருந்துச்சு. சரின்னு தெரியுது, நிரூபிக்க ராமானுஜனாலும் முடியல, ஹார்டியாலும் முடியல. 1916இல் மக்மேன் தன் புத்தகத்தில் 'நிரூபிக்கப்படாதது'ன்னு சொல்லியே சேர்த்தார். 1917இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் பழைய ஆராய்ச்சி இதழ்களைச் சும்மா புரட்டிக்கிட்டு இருக்கும்போது ஒரு கட்டுரை கண்ணுல படுது. லீட்ஸில் இருந்த எல்.ஜே.ராஜர்ஸ் 1894இலேயே அந்த ரெண்டையும் கண்டுபிடிச்சு, நிரூபிச்சும் வச்சிருக்கார். யாருமே அதைக் கவனிக்கல.

இப்ப யோசிங்க. பல வருஷமா தன்னோடதுன்னு நினைச்ச விஷயம். பழைய இதழ், தூசி தட்டாத பக்கம். மூடி வச்சிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ராமானுஜன் அதைப் பாத்து வியந்து வெளியே சொன்னார். ராஜர்ஸோட கடிதப் போக்குவரத்து நடந்துச்சு. 1919இல் ரெண்டு பேரோட நிரூபணமும் ஒரே கட்டுரையா வெளிவந்துச்சு. மறந்துபோன ராஜர்ஸை 1924இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கினாங்க. அதைப் பாக்க ராமானுஜன் இல்லை, 1920லயே போயிட்டார். இன்னிக்கு அதுக்குப் பேர் ராஜர்ஸ்-ராமானுஜன் முற்றொருமைகள். ராஜர்ஸ் பேர்தான் முதல்ல.

இவங்க ரெண்டு பேருக்கும் யாரும் பவர்பாயிண்ட் போட்டுக் காட்டல. ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றது, இது யாரோடதுன்னு சொல்றது, இந்த ரெண்டையும் செஞ்சு காட்டினாங்க. பத்து சதவீதம் இந்த ரெண்டில் எதையும் அளக்காது. சுவடியில் இல்லாததைப் புதுசா எழுதி நிரப்பியிருந்தா, மென்பொருள் அதைப் பாத்து பூஜ்யம் சதவீதம்னு பாராட்டு பத்திரம் கொடுத்திருக்கும். இன்னிக்கு செயற்கை நுண்ணறிவு எழுதித் தர்ற கட்டுரையும் பல நேரம் அப்படித்தான் தப்பிச்சுப் போகுது.

சரி, என் கதை. கடைசி வருஷ ப்ராஜெக்ட். நாலு பேர் காசு போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினோம். கோடு, ரிப்போர்ட், வைவாவுக்கு எதிர்பார்க்கப்படும் கேள்விகள், எல்லாம் ஒரே சிடியில். நன்றியுரைப் பக்கத்தை மட்டும் நாங்களே எழுதினோம். கடவுள், தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், பெற்றோர், நண்பர்கள். அந்தக் கோடை எழுதினவன் பேர் மட்டும் இல்லை. அவன் பேரே எங்களுக்குத் தெரியாது. நல்ல மார்க் வந்துச்சு. அதைச் சொல்லித்தான் முதல் இன்டர்வியூவும் தாண்டினேன். வேலையில் சேர்ந்தப்புறம், நான் ராத்திரி முழுக்க எழுதின ஒரு மாட்யூலை இன்னொருத்தர் தன் பேர்ல காட்டினப்போ வயிறு எரிஞ்சுது பாருங்க, அன்னிக்குத்தான் அந்தப் பேர் தெரியாதவன் ஞாபகத்துக்கு வந்தான். பதிவு திருடு போன அனுபவம் இருக்கிற மக்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

"இதை வகுப்புல சொல்லலாமாடா? பேர் சொல்ல மாட்டேன்"னு அக்கா கேட்டாங்க. பேரோடயே சொல்லுங்கன்னுட்டேன்.

போன வாரம் அக்கா போன் பண்ணாங்க. வகுப்பு முடிஞ்சுதாம். முதல் கேள்வி: "மேடம், அந்த ப்ராஜெக்ட் சென்டர் எங்க இருக்கு?"

ஹும். விளங்கிடும் :-)

ஆனா கூட்டம் கலைஞ்சப்புறம், பின்வரிசையில் உக்காந்திருந்த ஒரு வாத்தியார் வந்து, புறநானூற்றில் அந்தப் புள்ளி வச்ச பக்கத்தைக் காட்டச் சொன்னாராம். கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம போயிட்டாராம்.