கடலில் ஒரு வாரம்



கோல சிலாங்கூரில் மலாவாத்தி குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதே ஆண்டில்தான் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதியும் தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தத்தம் ஆள்கணக்குக்கு ஏற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். தொழிலாளரின் கப்பல் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது.

நம் முன்னோர் அனைவரும் ஒப்பந்தக் கூலிகளாகவே வந்தனர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அது முழு உண்மையன்று. ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் இன்று வாழும் குடும்பங்கள் பலவும் அதன் பின்னர் வந்தவை. கங்காணி தம் சொந்த ஊருக்கே சென்று, உறவும் பழக்கமும் காட்டி அழைத்து வந்த குடும்பங்கள். கங்காணிக்குத் தலைக்காசு உண்டு என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவச் சோதனையும் அம்மைக் குத்தலும் முடிந்த பிறகே கப்பல் ஏறலாம். அக்கப்பல்களுள் நம் மக்கள் நாவில் நிலைத்த பெயர் 'ரஜூலா'. 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அக்கப்பல், 5,000க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அத்தொகையை எட்டுவது அரிது!

தளப்பயணிக்கு அறை கிடையாது, கட்டிலும் கிடையாது. பாய் விரித்த இடமே வீடு. தலைமாட்டில் வைத்த தகரப் பெட்டியே அதன் சுவர். சேலையைத் திரையாகக் கட்டிப் பெண்கள் மறைவு தேடினர். விடியற்காலையில் கப்பலாட்கள் குழாய்நீர் பாய்ச்சித் தளத்தைக் கழுவ வருவார்கள். பாயையும் மூட்டையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எழவேண்டும். பிறகு சோற்றுக்கும் குடிநீருக்கும் வரிசை. முதல் இரண்டு நாள் அச்சோற்றை உண்ண முடிந்தவர் சிலரே. கடல் மயக்கத்திற்கு ஊறுகாயும் சுக்கும் புளியும் கைம்மருந்து. ஒருவர் வாந்தியெடுக்கத் தொடங்கினால் அவ்வரிசையே தொடங்கிவிடும் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. மூன்றாம் நாள் உடல் தேறியதும் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லையாம். ஊரில் பண்ணையாரின் வயல். தோட்டத்திலோ இருட்டு விலகுமுன் பெரட்டு. இவ்விரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ ஒரு வாரம், எவரும் அவர்களை வேலைக்கு அழைக்கவில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பறவை மீன்களைப் பார்த்து நின்றனர். இரவில் கதையும் பாட்டும் நடந்தன. கங்காணிகூடப் பாயில்தான் படுத்தார். துன்பக் கதையாக மட்டுமே நாம் சொல்லிவரும் அப்பயணத்தில் இப்படியும் சில நாள்கள் இருந்திருக்கின்றன.

நிக்கோபார் தீவுகளின் பக்கம் கடந்து, சுமத்திராவின் வடமுனை தாண்டி, கப்பல் பினாங்கை அடையும். அங்கே இறங்குபவர்களுக்கு நோய்த்தடுப்புக் காவல் ஜெரஜாக் தீவில். சிலாங்கூருக்குரியோர் மேலும் தெற்கே, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்திற்குச் செல்லவேண்டும். அவ்வழியில்தான் கோல சிலாங்கூர்க் கரை வருகிறது. தாம் வாழ்ந்து மடியப்போகும் மண்ணை அவர்கள் முதலில் கடந்து சென்றார்கள். பிறகுதான் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வந்தார்கள். இரவில் மலாவாத்தி விளக்கின் ஒளியைக் கண்டவர்களுக்கு அது என்ன ஊர் என்று யார் சொல்லியிருப்பார்?

பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கொன்னியே, மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார். துரை எழுதினார், பரிசும் பெற்றார். தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் எழுதி வைத்தது நமக்குக் கிடைக்கவில்லை. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை மாணவர்களுக்கு மணிக்கணக்கில் விளக்குகிறோம். அவர்களுடைய கொள்ளுப்பாட்டியின் கப்பலுக்கு "கப்பலில் வந்தார்கள்" என்னும் ஒற்றை வரிதான்.

உதவிப் பணத்தில் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. ரஜூலா மட்டும், உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்த பின்னரும், நெடுங்காலம் ஓடியது. 1973இல் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபடும்போது, பழைய தகரப் பெட்டிகள் இரும்புக் கடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால் திறந்து பாருங்கள். பயணச் சீட்டோ பழைய கடவுச்சீட்டோ இருக்கக்கூடும். கப்பலின் பெயரும் இறங்கிய நாளும் அதில் இருக்கும். படியெடுத்து, பிள்ளைகளின் கையில் ஒன்று கொடுத்து வையுங்கள்.