ஊர்தோறும் செல்லும் விஞ்ஞானக் கண்காட்சிகள்

நூதனசாலை என்றதும் நம் நினைவிற்கு வருவன கண்ணாடிப் பேழையும், அதன்மேல் எழுதப்பட்ட ‘தொடாதீர்’ என்னும் கட்டளையுமே. பழங்காசு, ஏடு, மட்பாண்டம் முதலியவற்றைக் காத்தற்கு அக்கட்டளை வேண்டியதே. ஒருமுறை அழிந்த பழம்பொருளை மீண்டும் பெறுதல் இயலாது. ஆயின் விஞ்ஞானம் அத்தகையதன்று. ஊசலின் நியதியை நூலிற் படித்தவனிலும், ஊசலைத் தன் கையால் ஆட்டிப் பார்த்தவனே நன்கறிவான். ஆதலின் விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட முற்பட்டோர் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டியவராயினர். பொருளைக் காண வந்தவன் கையிற் கொடுப்பது எங்ஙனம்? காண வர இயலாதவனிடத்துக்கு அதனைக் கொண்டு செல்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் வெவ்வேறு நாடுகளில் எழுந்து பின் ஒன்றாய் இணைந்த வரலாற்றையும், அது கல்முனைக் கரையோரத்து ஊர்களுக்கு உணர்த்தும் பாடத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இவற்றுள் இரண்டாவது வினாவே முதலில் எழுந்தது. இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டனில் அமைந்த நூதனசாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தன் சேகரிப்பில் ஒரு பகுதியை மாகாண நகரங்களின் கலைப் பாடசாலைகளுக்கும் சிறு நூதனசாலைகளுக்கும் இரவலாக அனுப்பத் தொடங்கிற்று. இப்பணிக்கென அமைந்த பிரிவு 1977ஆம் ஆண்டுவரை நிலைத்திருந்தது. எனினும் அங்ஙனம் சென்றவை பெரும்பாலும் கலைப்பொருள்கள். ஊர் மாறினும் அவை கண்ணாடிக்கு அப்பாலேயே இருந்தன.

முதலாவது வினாவிற்கு யேர்மனி விடையளித்தது. ஒஸ்கார் வொன் மில்லர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1903இல் மியூனிக் நகரில் நிறுவப்பட்டு, 1925இல் தன் புதிய கட்டிடத்திற் குடிபுகுந்த டொய்ச்சு நூதனசாலையில், பார்வையாளர் தாமே விசையை அழுத்தியும் பிடியைச் சுழற்றியும் பொறிகளை இயக்கக் கண்டனர். இலண்டன் விஞ்ஞான நூதனசாலை 1931இல் சிறுவர்க்கெனத் தனிக்கூடம் திறந்தது. 1937இல் பாரிசு நகரில், பௌதிக அறிஞர் ஜீன் பெரின் தலைமையில் உருவான கண்டுபிடிப்பு மாளிகையில் பரிசோதனைகள் மக்கள் முன்னிலையிலேயே நிகழ்த்தப்பட்டன. ஆயின் இவை யாவும் பெருநகரத்து மாளிகைகள். தலைநகருக்கு வரும் வழிச்செலவு உள்ளவனுக்கே அவற்றின் வாயில் திறந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரே இந்நிலையை மாற்றிற்று எனலாம். போரினாற் பாடசாலைகளையும் ஆய்வுகூடங்களையும் இழந்த நாடுகளின் ஆசிரியர்க்கென, ஜே. பி. ஸ்டீவன்சன் என்னும் ஆசிரியர் எழுதிய சிறுநூலை 1948இல் யுனெஸ்கோ வெளியிட்டது. கையிற் கிடைக்கும் தகரம், போத்தல், கம்பி, மரத்துண்டு ஆகியவற்றைக் கொண்டே கருவிகளை அமைக்கும் முறை அதிற் கூறப்பட்டது. அச்சிறுநூலே விரிந்து 1956இல் விஞ்ஞானம் கற்பிப்போர்க்கான மூலநூலாக வெளிவந்து, பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. இடையே 1953இல், கண்காட்சிகளைப் பெட்டிகளில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்பும் முறைகளை விளக்கும் கைநூலொன்றையும் அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது. ஒரு நூல் கருவி செய்யும் வகையையும் மற்றைய நூல் அதனை அனுப்பும் வகையையும் கூறின.

இரண்டையும் இணைத்துச் செயலாக்கிய பெருமை நம் அயல்நாடாகிய இந்தியாவிற்கும் உரியது. 1959ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவிற் பிர்லா தொழில் தொழில்நுட்ப நூதனசாலை திறக்கப்பட்டது. வங்காளத்துச் சிற்றூர் மாணவர் அங்கு வருதல் அரிது என்பதனை உணர்ந்த அதன் பணியாளர், 1965இல் நடமாடும் விஞ்ஞானக் கண்காட்சியைத் தொடங்கினர். நரேந்திரபுரத்து இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையே அது முதலிற் சென்ற இடம். இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் சரோஜ் கோஷ் என்னும் பொறியியலாளர். நாளடைவிற் பேருந்தொன்றே நூதனசாலையாக மாறிற்று. அதனுட் பொருத்தப்பட்ட இயங்கு மாதிரிகளைக் கிராமத்து மாணவர் தம் கையால் இயக்கினர். உடன்சென்ற விளக்குநர் அவ்வூர் மொழியில் விளக்கினர்.

இப்பேருந்தின் சிறப்பு அது சென்ற தூரத்தில் அன்று, அது விட்டுச் சென்ற விளைவிலேயே உள்ளது. வண்டி வந்து போன இடங்களில் நிலையான கூடம் வேண்டும் என்னும் விருப்பமும் வளர்ந்தது. 1978இல் விஞ்ஞான நூதனசாலைகளுக்கான தேசியப் பேரவை அமைந்தது. 1982இல் மேற்கு வங்கத்தின் பின்தங்கிய மாவட்டமாகிய புருலியாவில் மாவட்ட விஞ்ஞான நிலையம் தோன்றிற்று. 1987இல் தமிழகத்துத் திருநெல்வேலியிலும் அத்தகைய நிலையம் திறக்கப்பட்டது. பெருநகர் நூதனசாலை வேராகவும், மாவட்ட நிலையம் கிளையாகவும், பேருந்து கிளையினின்று நீளும் தளிராகவும் அமைந்த ஒழுங்கு இது. வேரும் கிளையும் இன்றித் தளிர்மட்டும் வளருதல் எங்கும் இல்லை.

இவ்வரலாற்றிற் பிறிதொரு திருப்பத்தை உண்டாக்கியவர் பிராங்க் ஒப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க அறிஞர். அரசியற் காரணத்தாற் பல்கலைக்கழகப் பதவியை இழந்த அவர், கொலராடோ மாநிலத்தின் சிற்றூர்ப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர் ஐரோப்பிய நூதனசாலைகளை நேரிற் கண்டு, 1969இற் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியம் என்னும் கூடத்தை நிறுவினார். அங்கு எல்லாம் தொடுதற்குரியனவே. 1975இல் அக்கூடம் தன் காட்சிப்பொருள்களைச் செய்யும் முறைகளை, சமையற் குறிப்புப் போலத் தொகுத்து நூலாக வெளியிட்டது. பொருளை இரவல் கொடுப்போன் அதனை மீளப் பெறுகிறான். செய்முறையைக் கொடுப்போன் மீளப் பெறுவதற்கு எதுவும் இல்லை. உலகின் பல சிறு நூதனசாலைகள் அந்நூலைக் கொண்டே தம் கூடங்களை நிரப்பிக்கொண்டன.

இதுகாறும் கூறியவற்றாற் போந்த உண்மை யாதெனின், ஊர்செல் கண்காட்சி மூன்று படிகளில் வளர்ந்துள்ளது என்பதே. முதலிற் பொருள் சென்றது. அடுத்துப் பொருளோடு விளக்குநர் சென்றார். முடிவிற் செய்முறையே சென்றது. முதற்படியில் ஊர் மக்கள் காண்போர். இரண்டாம் படியில் இயக்குவோர். மூன்றாம் படியிற் செய்வோர். கண்காட்சியொன்றின் பயனை அளக்க வேண்டின், எத்தனைபேர் வந்து பார்த்தனர் என்று எண்ணுதல் போதாது. வண்டி போனபின் அவ்வூரில் எத்தனைபேர் அக்கருவியைத் தாமே செய்ய வல்லராயினர் என்று வினவுதல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் கரையோரத்தை நோக்குவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும், அவற்றிடையே காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் கடலை ஒட்டி நெருங்கியிருக்கின்றன. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலைக்கு இங்கிருந்து செல்ல முந்நூறு கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்தல் வேண்டும். வடக்கே காத்தான்குடியில் அமைந்த பூர்வீக நூதனசாலை, ஊரின் வரலாற்றை ஊரே காத்துக்கொள்ள இயலும் என்பதற்குச் சான்று. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகிறது. ஆகவே வேராவதற்குப் பல்கலைக்கழகம் உண்டு. கிளைகளாவதற்குப் பாடசாலைகளும் நூலகங்களும் உள. இரு சமூகத்தவர்க்கும் தாய்மொழி தமிழாதலின், ஒருமுறை எழுதிய விளக்கப்பலகை இக்கரை முழுவதற்கும் பயன்படும்.

எவற்றைக் காட்டுவது என்னும் வினாவிற்கு இம்மண்ணே விடை தரும். காரைதீவிற் பிறந்து கல்முனையில் ஆங்கிலக் கல்வி கற்ற விபுலானந்த அடிகள், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றவர். 1947இல் அரங்கேறிய அவரது யாழ்நூல் இசையையும் கணிதத்தையும் ஒருங்கு ஆராய்வது. பலகையொன்றில் நரம்பைக் கட்டி, அதன் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேற்றாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினாற் பஞ்சமம் ஒலிக்கும். இதனைச் செய்து காட்ட ஒரு பலகையும் கம்பியுமே போதும். மருதமுனைக் கைத்தறியின் மிதிகட்டை நெம்பின் தொழிலைச் செய்கிறது. தறியிற் பூவேலைப்பாட்டை இயக்குதற்கு 1804ஆம் ஆண்டளவில் ஜக்காட் என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்த துளையட்டை முறையே, பிற்காலத்திற் கணினிக்குத் தரவூட்டிய அட்டைகளுக்கு வழிகாட்டிற்று. நெசவாளர் பிள்ளைக்கு இதனிலும் சிறந்த பாடம் வேறு யாது?

இன்னுமொன்று உண்டு; அது கல்வியோடு அமையாது உயிரையும் பற்றியது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியதற்கும், அலை நம் கரையை அடைந்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் இல்லாமையால் அப்பொழுது வீணே கழிந்தது. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் இத்தகைய அலை, பத்து மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் வேகத்திற்குக் குறையும். முன்சென்ற நீர் தயங்க, பின்வந்த நீர் அதன்மேல் நெருங்கி ஏறுதலால் அலை உயர்கிறது. நீண்ட தொட்டியொன்றில் நீர் நிரப்பி, ஒருபுறம் சாய்ந்த பலகையை இட்டு, மறுபுறம் நீரைத் தள்ளினால் இவ்வுண்மையைச் சிறுவரும் உணர்வர். எச்சரிக்கை மணி ஒலிக்கும் நாளில், அதன் பொருளை அறிந்தவன் கால்களே விரைந்து மேட்டை நாடும்.

கையிற் கொடுத்தால் உடைந்துவிடும் என்பர் சிலர். உடையும் என்பது மெய்யே. ஆயின் ஊர்த் தச்சரும் மாணவரும் சேர்ந்து செய்த கருவியை அவர்களே திருத்துவர். திருத்தும்பொழுது மீண்டும் ஒருமுறை கற்பர். பெரும்பொருளைச் செலவிட்டு வாங்கிய கருவியே பழுதானபின் அறையிற் பூட்டப்படுகிறது. ஆதலின் முதற்கண் வேண்டுவது பேருந்தன்று. ஊருக்கு ஓர் ஆசிரியரும், ஒரு பட்டறையும், பத்துக் கருவிகளின் செய்முறையைத் தெளிதமிழில் விளக்கும் சிறுநூலுமே. அயலூர்கள் தாம் செய்த கருவிகளை ஆண்டுதோறும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளுமாயின், நடமாடும் கண்காட்சி தானே உருவாகும். அதனைத் தொடங்கும் ஆற்றல் இக்கரையின் ஆசிரியர்க்கும், இங்கு கற்று வெளியேறிய பழைய மாணவர்க்கும் உண்டு.