மான் தீவில் ஒரு வாரம்

மோட்டார் சைக்கிளோடு எனக்கு வெகுநாள் பழக்கம், வீதியில் அது போடும் சத்தத்தோடு சரி. அதன் பந்தய சரித்திரத்தைப் படித்த பிறகுதான், ராஜ்யங்கள் எழுந்து விழுவது அங்கேயும் உண்டென்று தெரிந்தது. அப்படி ஒரு மாற்றம் 1961 ஜூன் மாதத்தில், ஒரே வாரத்தில், உலகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிறது மான் தீவு. இங்கிலாந்தில் மணிக்கு 20 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக்கூடாது, பொதுச்சாலையில் பந்தயமும் கூடாது என்றிருந்த காலத்தில், தனக்கென்று சட்டசபை வைத்திருந்த அந்தத் தீவு சாலைகளை அடைத்துப் பந்தயம் விட்டது. 1907இல் தொடங்கிய டி.டி. பந்தயம் அதுதான். 1911 முதல் ஓடும் மலைப்பாதையில் ஒரு சுற்று 37¾ மைல். கல்மதில்களையும் வீட்டு வாசல்களையும் உரசிக்கொண்டு போகும் சாலை. எத்தனையோ வாலிபர்கள் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். இது வீரமா, வீணா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அங்கே ஜெயித்த வண்டிக்கு உலகமெங்கும் மதிப்பு. பர்மிங்ஹாம் நார்ட்டனின் கீர்த்தியில் பெரும் பங்கு அந்தச் சாலையில் சம்பாதித்ததுதான்.

1954 மார்ச்சில் ஜப்பானில் ஒரு மனிதர், இந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டு வெல்லப் போவதாகப் பிரகடனம் வெளியிட்டார். பெயர் ஸோயிசிரோ ஹோண்டா, கொல்லர் மகன். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட சின்ன எஞ்ஜின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றுத் தொழில் தொடங்கியவர். பிரகடனம் செய்த சமயத்தில் கம்பெனியின் கதி என்ன தெரியுமா? 45 கோடி யென்னுக்கு வெளிநாட்டு யந்திரங்களை வாங்கிப் போட்டாகிவிட்டது, விற்ற வண்டிகளைப் பற்றிப் புகார், கஜானா காலி. கடன்காரன் வாசலில் நிற்கும்போது பெண் கல்யாணத்துக்கு நாலு நாள் நாதஸ்வரக் கச்சேரி என்று சொல்வதைப் போலத்தான். ஆனாலும் அதை வெறும் ஜம்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. சோர்ந்து கிடந்த தொழிலாளிகளுக்கு நிமிர்ந்து பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது.

ஜூனில் மனிதர் தீவுக்கே போய்ப் பார்த்தார். அங்கே ஓடிய வண்டிகளுக்குத் தம்முடையவற்றைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி! சங்கிலி, டயர், கார்ப்புரேட்டர் என்று வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். பிறகு ஐந்து வருஷம் உழைப்பு. 1959இல் 125 ஸி.ஸி. பந்தயத்தில் நவோமி டனிகுச்சி ஆறாவதாக வந்தார். ஹோண்டாவுக்குக் குழுப் பரிசும் கிடைத்தது. வென்றது இத்தாலிய வண்டி.

இப்போது 1961க்கு வருவோம். மைக் ஹெயில்வுட் என்ற இங்கிலீஷ் இளைஞனுக்கு வயது 21. மோட்டார் சைக்கிள் விற்றுச் செல்வந்தரானவரின் பிள்ளை. திங்கட்கிழமை 125, 250 ஸி.ஸி. பந்தயங்கள் இரண்டையும் ஹோண்டாவில் ஓட்டி ஜெயித்தான். அதுமட்டுமல்ல, இரண்டிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கே! அடுத்த பந்தயத்தில் இங்கிலீஷ் ஏ.ஜே.எஸ். வண்டியில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தவனைக் கடைசிச் சுற்றில், பிஸ்டனைத் தாங்கும் ஓர் இரும்பு முளை முறிந்து நிறுத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை சீனியர் பந்தயம். அதற்கு அவன் ஏறியது நார்ட்டன்: ஒற்றை ஸிலிண்டர், பழைய அமைப்பு. ஹோண்டாவின் 250 ஸி.ஸி. எஞ்ஜினில் நாலு ஸிலிண்டர்; நிமிஷத்துக்கு ஏறக்குறைய 14,000 சுழற்சி. நார்ட்டனுக்கு அதில் பாதிதான். கஞ்சிராவுக்கும் தவிலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போன ஹாக்கிங்கின் எம்.வி. அகுஸ்டா பழுதாகி ஒதுங்க, அந்தத் தவில் 226 மைலையும் மணிக்குச் சராசரி 100 மைலுக்கு மேலான வேகத்தில் அடித்து முடித்தது. ஒரே வாரத்தில் மூன்று டி.டி. வெற்றி அதற்குமுன் யாருக்கும் கிடைத்ததில்லை.

நார்ட்டன்காரர்கள் அன்று நிச்சயம் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் திங்கட்கிழமைக் கணக்கு அல்லவா நிஜக் கணக்கு? 1963க்குள் பர்மிங்ஹாம் தொழிற்சாலையை மூடி, வேலையை லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எத்தனை கை தேர்ந்த கம்மியர்கள் பட்டறையைவிட்டு வெளியே வந்தார்களோ!

1966இல் ஹெயில்வுட் அதே சீனியர் பந்தயத்தை மறுபடியும் ஜெயித்தார். இந்தத் தடவை ஏறியிருந்தது 500 ஸி.ஸி. ஹோண்டா. நார்ட்டனை நடத்தி வந்த கம்பெனி நொடித்ததும் அந்த வருஷந்தான்.