செம்பில் எஞ்சிய மாளிகை

 

1747இல் ஐரோப்பிய நீரூற்று ஒன்றின் படம் சீனப் பேரரசர் சியான்லாங்கின் கண்ணில் பட்டது. அதுபோல் தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பீஜிங்கில் இருந்த அவருடைய யுவான்மிங்யுவான் தோட்ட அரண்மனையின் ஒரு மூலையில் ஐரோப்பிய பாணி மாளிகைகள் எழும்பின. கட்டட வடிவமைப்பு, அரசவை ஓவியராக இருந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி காஸ்டிலியோனே கையில். நீரூற்றுப் பொறிகள் பிரெஞ்சுப் பாதிரியார் பெனுவா பொறுப்பில். 1774இல் பெனுவா இறந்த பிறகு பொறிகளைப் பராமரிக்க ஆளில்லை. பேரரசர் வரும் நாளில் வேலையாட்கள் வாளி வாளியாக நீர் சுமந்து தொட்டியை நிரப்பினார்கள்.

பின்னர் இந்த மாளிகைகளின் தோற்றத்தைச் செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிடும் வேலை தொடங்கியது. தம் போர் வெற்றிகளைச் செப்புச் சித்திரமாக்க, 1765இல் பாரிஸுக்கு வரைபடங்களை அனுப்பியவர் சியான்லாங். இம்முறை பாரிஸை நம்பவில்லை. அரண்மனை ஓவியர் இ லான்தாய் வரைய, அரண்மனைக் கைவினைஞர்களே தகடுகளைச் செதுக்கினார்கள். 1786இல் 20 சித்திரங்கள் முடிந்தன. தொலைவு செல்லச் செல்லக் கோடுகள் ஒரு புள்ளியில் குவியும் ஐரோப்பிய முறையை அவர்கள் எவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தார்கள் என்பது வியக்க வைக்கிறது. தூண்களின் பூவேலை, கத்தரித்த மரங்கள், சுவர்களால் ஆன புதிர்ப்பாதை, எல்லாம் இருக்கின்றன. மனிதர் மட்டும் ஒருவர்கூட இல்லை.

1860 அக்டோபரில், சீனாவுடன் நடந்த போரில் பிடிபட்ட தம் தரப்புக் கைதிகள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு யுவான்மிங்யுவானை எரிக்க உத்தரவிட்டார்.  மரக்கட்டடங்கள் சாம்பலாயின. ஐரோப்பிய மாளிகைகள் கல்லாலானவை என்பதால் உடைந்த தூண்களாவது நின்றன. எந்தத் தூண் எந்த வாசலுக்கு உரியது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கு முதல் காரணம் அந்த 20 தாள்கள். இந்த மாளிகைகளை அழிவுக்கு முன் எடுத்த ஒளிப்படம் நமக்கு இல்லாத நிலையில், இவற்றை நான் வெறும் அலங்காரமாகப் பார்க்க மாட்டேன், இவை சாட்சியம்.

ஹையான்தாங் மாளிகையின் முன்புறத்தைக் காட்டும் சித்திரத்தைப் பாருங்கள். குளத்தின் இருபுறமும் சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகள், அங்கி அணிந்த மனித உடலோடு வரிசையாக அமர்ந்திருக்கின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலங்கு நீர் பீய்ச்சும். நண்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து பீய்ச்சும். கொள்ளை போன வெண்கலத் தலைகளில் 7 இப்போது சீனாவுக்குத் திரும்பிவிட்டன. அவை எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தன என்பதை அந்தச் செப்புத் தகடு காட்டுகிறது.