முகமும் கட்சியும்: அமெரிக்கச் சிறுபான்மை வாக்கில் வேட்பாளரின் இன அடையாளம்

1. கேள்வியும் அதன் பின்புலமும்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் தேர்தல் வியூகக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. கறுப்பினத்தவர் தம் கட்சிக்கு வாக்களிக்காததற்குக் காரணம் அவர்களைப் போன்ற முகம் மேடையில் இல்லாததே, ஒருவரை நிறுத்தினால் வாக்கு வந்துவிடும் என்பது அது. ஜனநாயகக் கட்சியினரிடமும் இதற்கு இணையான ஒரு மெத்தனம் உண்டு: முகம் நம்முடையதாக இருக்கும்வரை வாக்கு எங்கும் போகாது. இரண்டு கணக்குகளையும் 2004 முதல் 2024 வரையிலான தேர்தல்கள் சோதித்துப் பார்க்கப் போதிய வாய்ப்புத் தந்திருக்கின்றன.

இக்கட்டுரையின் நிலைப்பாடு இது: வேட்பாளரின் இனம் கட்சி வேலியைத் தாண்டிப் பெரும் வாக்கைக் கொண்டுவருவதில்லை. ஒரே கட்சிக்குள் இருவரில் ஒருவரைத் தெரிவு செய்யும்போதும், வீட்டிலிருப்பவரை வாக்குச்சாவடிக்கு இழுக்கும்போதும் அது வேலை செய்கிறது, அங்கும் நிபந்தனைகளோடுதான்.

அந்த வேலி எப்போதும் இருந்ததல்ல. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர்களில் 1956-இல் ஐசனோவர் வெள்ளையரல்லாதாரின் வாக்குகளில் 39% பெற்றதாகவும், 1960-இல் நிக்சன் 32% பெற்றதாகவும் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் கணக்கிட்டது. கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அந்த ஆண்டு நிக்சனை ஆதரித்தார். 1964-இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டர் வேட்பாளரானதும் அந்தப் பங்கு 6 விழுக்காடாகச் சரிந்தது. ஐசனோவர், நிக்சன், கோல்ட்வாட்டர் மூவரும் வெள்ளையர். எதிரே நின்றவர்களும் வெள்ளையரே. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் வாக்கு மட்டும் இடம்பெயர்ந்தது என்பதை வேட்பாளர் முகத்தை நம்புவோர் முதலில் கவனிக்க வேண்டும்.

2. கருத்துக் கருவிகள்

அரசியல் அறிஞர் ஹன்னா பிட்கின் 1967-இல் வெளியிட்ட நூலில், பிரதிநிதி தம் மக்களை ஒத்திருப்பதும் தம் மக்களுக்காகச் செயல்படுவதும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். இத்துறையின் விவாதங்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவினையில்தான் இன்றும் நிற்கின்றன. மைக்கேல் டாசன் 1994-இல் அதற்கு ஓர் உளவியல் அடித்தளம் தந்தார். தன் இனத்துக்கு என்ன நேர்கிறதோ அதுவே தனக்கும் நேரும் என்று கருதும் கறுப்பின வாக்காளர், எந்தத் தேர்வு இனத்துக்கு நல்லதோ அதையே தனக்கும் நல்லதெனக் கொள்கிறார் என்பது அவர் வாதம். இந்த வாதம் வேட்பாளரின் தோல் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ‘இனத்துக்கு நல்லது எது’ என்பதற்கு வாக்காளர் கைவசம் வைத்திருக்கும் அடையாளம் கட்சியின் பெயராகவே இருக்கலாம். இஸ்மயில் வைட், ஷெரில் லேர்ட் ஆகியோர் 2020-இல் இன்னும் ஒருபடி போனார்கள்: கறுப்பினச் சமூகத்துக்குள் ஜனநாயகக் கட்சியை ஆதரிப்பது ஒரு சமூக நெறியாகவே நிலைத்துவிட்டது, தேவாலயமும் குடும்பமும் அக்கம்பக்கமும் அதைக் காக்கின்றன. அப்படியானால், எதிர்க்கட்சியில் நிற்கும் கறுப்பின வேட்பாளர் வெறும் கொள்கை வேறுபாட்டோடு மோதவில்லை. வாக்காளரின் உறவு வட்டத்தோடு மோதுகிறார்.

அளவீடு பற்றி ஓர் எச்சரிக்கை. வாக்கு ரகசியமானது, யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை வாக்களித்துவிட்டு வருவோரிடம் கேட்கும் கணிப்பிலிருந்தோ, ஓரினத்தவர் மட்டுமே வாழும் வாக்குச்சாவடிகளின் முடிவிலிருந்தோதான் ஊகிக்கிறோம். ஒரு மாநிலத்தில் கேட்கப்படும் கறுப்பின வாக்காளர் சில நூறு பேரே. ஆகவே இரண்டு மூன்று விழுக்காட்டு வேறுபாட்டை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. கீழே வரும் எண்கள் பெரும்பாலும் அத்தகைய கணிப்புகளே.

3. வேலியைத் தாண்டும் முயற்சிகள்

2004-இல் இல்லினாய் செனட் தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் கறுப்பினத்தவரையே நிறுத்தின. பராக் ஒபாமாவுக்கு எதிராக மேரிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட ஆலன் கீஸ் மொத்தத்தில் 27% பெற்றார். கறுப்பினத்தவரிடம் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இருபுறமும் ஒரே நிறம் என்பதால் இந்தத் தேர்தல் கட்சியின் எடையை மட்டுமே காட்டுகிறது. நம் கேள்விக்கு நேரடியான சோதனை 2006-இல்தான் வந்தது.

அந்த ஆண்டு குடியரசுக் கட்சி மூன்று பெரிய மாநிலப் போட்டிகளில் கறுப்பினத்தவரை நிறுத்தியது: மேரிலாந்து செனட்டுக்கு மைக்கேல் ஸ்டீல், ஒஹாயோ ஆளுநர் பதவிக்குக் கென் பிளாக்வெல், பென்சில்வேனியா ஆளுநர் பதவிக்கு முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் லின் ஸ்வான். மூவரும் தோற்றார்கள்.

இவர்களில் ஸ்டீலின் தேர்தலை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். சூழ்நிலை அவருக்கு இதைவிடச் சாதகமாக அமைந்திருக்க முடியாது. ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் முன்னாள் தலைவர் க்வெய்சி ம்ஃபூமேயை வெள்ளையரான பென் கார்டின் குறுகிய வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தார். வாக்கைத் தொடர்ந்து தருகிறோம், வேட்பாளர் வாய்ப்பை ஏன் தருவதில்லை என்ற மனக்குறை கறுப்பினத் தலைவர்களிடையே வெளிப்படையாகவே இருந்தது. நடுத்தர, மேல்நடுத்தரக் கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியின் முன்னாள் தலைமை நிர்வாகி வெய்ன் கரி, ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தும் ஸ்டீலை ஆதரித்தார். ஸ்டீலின் விளம்பரங்களோ கட்சியின் பெயரை உச்சரிக்கவே கூசின. ‘ஸ்டீல் டெமக்ராட்’ என்ற வாசகம் பிரசாரத்தில் உலவியது. தன் முகத்தை நம்பி நின்றவர் தன் கட்சியை மறைக்க வேண்டியிருந்ததே இந்த ஆய்வுக்குப் போதிய சான்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முடிவில் அவருக்குக் கறுப்பின வாக்கில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கிடைத்தது. கார்டின் 54-44 என வென்றார். பிரின்ஸ் ஜார்ஜஸிலும் அவரே பெரும் வித்தியாசத்தில் முன்னின்றார்.

நான்கில் ஒரு பங்கு என்பது குடியரசுக் கட்சிக்காரருக்குக் குறைவானதல்ல. அடையாளத்துக்குச் சக்தியே இல்லை என்று சொல்ல அது விடாது. ஆனால் இத்தனையும் கூடிவந்த இடத்தில் எட்டிய உச்சவரம்பு அது. ஒஹாயோவில் பிளாக்வெல்லுக்கு ஏறத்தாழ 20% கிடைத்தது. இரண்டாண்டுகளுக்கு முன் அதே மாநிலத்தில் ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கிடைத்தது 16%. இடைவெளியில் அடையாளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே கடினம். 2004-இல் தேர்தலை நடத்திய மாநிலச் செயலர் பிளாக்வெல்தான் என்பதையும், அன்று கறுப்பினப் பகுதிகளில் மணிக்கணக்கில் வரிசை நின்றதையும் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பதினாறு ஆண்டுகள் கழித்து ஜார்ஜியா செனட் தேர்தலில் அதே பாடம் இன்னும் கடுமையாகத் திரும்பியது. டிரம்ப் ஆதரவோடு நின்ற, கறுப்பினத்தவரான அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கர், மார்ட்டின் லூதர் கிங்கின் எபனேசர் தேவாலயத்துப் போதகர் ரஃபேல் வார்னாக்கை எதிர்த்தார். வாக்கருக்குக் கறுப்பினத்தவரிடம் கிடைத்தது 8% அளவே. அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் நின்ற வெள்ளைக் குடியரசுக் கட்சி ஆளுநர் பிரையன் கெம்புக்கு அதைவிடக் குறைந்துவிடவில்லை.

இது கறுப்பினத்தவருக்கு மட்டும் உரிய விதியும் அல்ல. 2018-இல் டெக்சஸில் கியூப வம்சாவளியினரான டெட் குரூஸை ஐரிஷ் வம்சாவளியினரான பீட்டோ ஓ'ரூர்க் எதிர்த்தார். லத்தீனோ வாக்காளரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் ஓ'ரூர்க் பக்கமே நின்றார்கள். மாறாக, ஏறத்தாழ முழுவதும் லத்தீனோக்கள் வாழும் டெக்சஸின் ஸ்டார் கவுண்டி 2024-இல் டிரம்புக்கு வாக்களித்தது. 1892-க்குப் பின் அதுவரை அங்கே அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வென்றதில்லை. அதற்கு எந்த லத்தீனோ முகமும் தேவைப்படவில்லை. விலைவாசியும் எல்லைப் பிரச்சினையும் போதுமானவையாக இருந்தன.

4. வேலிக்கு உள்ளே

கட்சி ஒன்றாகும்போது கொள்கை வேறுபாடு சுருங்கிவிடுகிறது. அங்கேதான் அடையாளத்துக்கு இடம் பிறக்கிறது. 2008 தென் கரோலைனா உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவரில் 78% ஒபாமாவைத் தேர்ந்தனர். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவோர் 2007-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டின் பெரும்பகுதியில் பல கணிப்புகளில் கறுப்பின ஜனநாயகக் கட்சியினரிடையே ஹிலரி கிளிண்டனே முன்னின்றார். உரிமைப் போராட்டத் தளபதி ஜான் லூயிஸும் முதலில் ஹிலரியைத்தான் ஆதரித்தார். நிலைமையைத் திருப்பியது 2008 ஜனவரி 3. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஐயோவாவில் ஒபாமா வென்றதும், இவர் உண்மையிலேயே ஜெயிக்கக்கூடியவர் என்ற நம்பிக்கை தெற்கே பரவியது. ஆக, கறுப்பின வாக்காளரை ஒபாமா பக்கம் கொண்டுவந்ததில் ஐயோவாவின் வெள்ளைக்காரருக்கும் பங்குண்டு.

இதே ஒபாமா 2000-இல் சிகாகோவின் தெற்குப் பகுதித் தொகுதியில், முன்னாள் கருஞ்சிறுத்தை இயக்கத்தவரான பாபி ரஷ்ஷிடம் உட்கட்சித் தேர்தலில் 61-30 என்று தோற்றார். ஹார்வர்டிலிருந்து வந்த, ஹவாயில் வளர்ந்த இளைஞரை அந்தத் தெருக்கள் அப்போது தம்மவராக ஏற்கவில்லை. இனம் ஒன்றாக இருப்பதும் தம்மவராக இருப்பதும் வேறு.

2020-இல் அதே தென் கரோலைனா வேறு திசையில் போனது. கமலா ஹாரிஸ், கோரி புக்கர் இருவரும் ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே விலகியிருந்தார்கள். களத்தில் இருந்த காலத்திலும் கறுப்பின ஆதரவில் ஜோ பைடனை நெருங்கவில்லை. பிப்ரவரி 26 அன்று அம்மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். மூன்று நாள் கழித்துக் கறுப்பின வாக்கில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பைடனுக்கு விழுந்தது. டிரம்பைத் தோற்கடிக்க யாரால் முடியும் என்ற கணக்கே அங்கே முதலில் நின்றது.

மிகத் தெளிவான சோதனை மெம்ஃபிஸ். அந்நகரை உள்ளடக்கிய, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த டென்னசியின் ஒன்பதாம் நாடாளுமன்றத் தொகுதியில் யூதரான ஸ்டீவ் கோஹன் 2006-இல் வென்றபோது, கறுப்பின வேட்பாளர் பலர் நின்றதால் வாக்கு சிதறிவிட்டது என்றார்கள். நியாயமான விளக்கம்தான். 2008 உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவரான நிக்கி டிங்கர் முக்கியப் போட்டியாளராக எதிர்த்தார். கோஹனை வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானோடு இணைத்துக் காட்டும் விளம்பரமும் வந்தது. கோஹனுக்கு 79%. 2010-இல் நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பலமுறை வென்ற வில்லி ஹெரன்டன், மாநிலத்தின் நாடாளுமன்றக் குழுவில் ஒரே ஒரு கறுப்பினத்தவராவது வேண்டாமா என்ற முழக்கத்தோடு நின்றார். மீண்டும் கோஹனுக்கு 79% அளவு. நேரடியாக அடையாளத்தின் பெயரால் கேட்கப்பட்ட வாக்கு, அடிமை முறைக்கு மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை அவையில் நிறைவேற்றியவரிடமே போனது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. 1986-இன் தார்ன்பர்க் எதிர் கிங்கிள்ஸ் வழக்கில், ஓர் இனத்தவர் விரும்பித் தெரிவு செய்பவரே அவர்களது வேட்பாளர், அவரது சொந்த இனம் முக்கியமல்ல என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். அந்தப் பகுதிக்கு அவருடைய சக நீதிபதிகளில் பெரும்பான்மையினர் உடன்படவில்லை. மெம்ஃபிஸைப் பார்க்கும்போது பிரென்னன் பக்கமே நியாயம் தெரிகிறது.

5. வாக்குச்சாவடிக்கு வருதல்

ஏற்கெனவே உடன்பாடுள்ளவரை வீட்டிலிருந்து கிளப்புவதில் அடையாளத்தின் பலம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. 2012-இல் கறுப்பினத்தவரின் வாக்குப்பதிவு விகிதம் 66 விழுக்காட்டைத் தொட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்கில் முதல்முறையாக வெள்ளையரின் விகிதத்தை முந்தியது. ஒபாமா இல்லாத 2016-இல் 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. கட்சித் தெரிவோ அவ்வளவு அசையவில்லை: 2004-இன் வேட்பாளர் கெர்ரிக்கு 88%, ஒபாமாவுக்கு 95%, பின்பு ஹிலரிக்கு மீண்டும் 90-க்குச் சற்றுக் கீழே. ஒபாமாவின் களப்பணியாளர் படைக்கும் இதில் பங்குண்டு. அதை முகத்திலிருந்து பிரிப்பது எளிதல்ல.

6. ஹாரிஸும் இரட்டை அடையாளமும்

கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலனின் குடும்ப வேர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அங்கே 2024-இல் அவருக்காகப் பூசை நடந்ததை நம் தொலைக்காட்சிகள் விரிவாகக் காட்டின. ஆனால் அமெரிக்காவில் வாக்குரிமை உள்ள இந்திய வம்சாவளியினரிடம் கார்னகி அறக்கட்டளை அந்த அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில் அவரை ஆதரித்தவர்கள் 61%. 2020-இல் அதே ஆய்வு வரிசையில் பைடனுக்கு 68%. கறுப்பினத்தவரிடமும் அவர் பெற்றது பைடனைவிடச் சற்றுக் குறைவே. ஆண்களிடம் இழப்பு அதிகம். தந்தை வழியில் ஜமைக்கா, தாய் வழியில் தமிழகம் என இரண்டு அடையாளங்கள் சேர்ந்தும் சரிவைத் தடுக்கவில்லை. பதவியிலிருந்த அரசின் மீதான அதிருப்தி அவர் தோளிலும் விழுந்திருந்தது.

7. யாருக்கான முகம்?

அப்படியென்றால் குடியரசுக் கட்சி ஏன் இன்னும் கறுப்பின வேட்பாளர்களைத் தேடிப் பிடிக்கிறது? திறமையானவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம்; அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இன்னொன்று, அந்த முகம் கறுப்பின வாக்காளரைவிட வேறொருவருக்கு அதிகம் ஆறுதல் தருகிறது. இனவாதக் கட்சி என்ற பெயரோடு சேர்ந்து நிற்கத் தயங்கும் வெள்ளை நடுநிலையாளரே அவர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்த முதல் கறுப்பின செனட்டர் எட்வர்ட் புரூக், 1966-இல் குடியரசுக் கட்சி சார்பில் மசாசூசெட்ஸில் வென்றார். அம்மாநிலத்தில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 2023-இல் கூடிய பிரதிநிதிகள் அவையில் அக்கட்சியின் கறுப்பின உறுப்பினர் நால்வர்: ஃபுளோரிடாவின் பைரன் டொனால்ட்ஸ், டெக்சஸின் வெஸ்லி ஹன்ட், மிச்சிகனின் ஜான் ஜேம்ஸ், யூட்டாவின் பர்ஜஸ் ஓவன்ஸ். நால்வரில் ஒருவரது தொகுதியிலும் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இல்லை.